பத்துக்குப் பூச்சியம்

"மழைநாளைப் பற்றி இங்கிலீசிலை பத்து வசனம். எழுதச் சொல்லு, தங்கச்சி" என்றார் தேவராசா.

கூட வேலைசெய்யும் யோகமலர் அதை டேனிஷில் எமிலியாவுக்குச் சொன்னாள்.

எமிலியா சிலி நாட்டுக்காரி. டென்மார்க்கில் ஒடென்சே நகரின் அந்தச் சலவைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக வேலை. ஸ்பானிஷ் தாய்மொழி, டேனிஷ் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் மட்டும் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து புது மெசின் வந்து இறங்கியது. எழுத்தெல்லாம் ஆங்கிலம்.

"அவளுக்கு வாசிக்க முடியுமா என்று பார்த்துச் சொல். முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டு நிறுத்த வேண்டியதுதான்" என்று முதலாளி தேவராசாவிடம் ஆங்கிலத்தில் சொல்லி ஒப்படைத்திருந்தார். இவர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்லூரியில் படித்தவர் அல்லவா?

எமிலியா வெறுந்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் மெசினின் நாலு பொத்தான்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தாள்.

"எஸ்டார்ட்... எஸ்டொப்..."

தேவராசா வயிறு குலுங்கச் சிரித்தார். "எஸ்டொப்பாம்! எங்கடை வாத்தியார் எண்டால் வகுப்பு வாங்கிலை ஏத்தி நிக்க வைச்சிருப்பார்."

"நாங்களும் இஸ்கூல் எண்டுதானே அண்ணை சொல்லுறம்? மெசினுக்கு முன்னாலை நிண்டு அவ கட்டுரையே எழுதப்போறா? பொத்தானைத் தெரிஞ்சால் போதாதே? மூண்டு பிள்ளையளைத் தனிய நிண்டு வளக்கிற மனிசி."

"நீ சும்மா இரு. இங்கிலீசு எண்டால் அதுக்கொரு தராதரம் இருக்கு."

தாளில் பெரிய பூச்சியம் போட்டார். அதன் கீழே அழகாக இரட்டைக் கோடும் இழுத்தார்.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்றுமே தெரியாதா?"

"நத்திங், சேர்."

முதலாளி பெருமூச்சோடு பட்டியலில் எமிலியாவின் பெயரை வெட்டினார்.

"இனி உன் விஷயம். நிரந்தரமாக்குவதென்றால் உனக்கு டேனிஷ் தெரிந்திருக்க வேண்டும். உன்னோடு பேசிப் பார்த்துச் சொல்லும்படி போன வாரம் ஒருவரிடம் கேட்டிருந்தேன்."

இரண்டு வருடத்தில் தேவராசா கற்ற டேனிஷ் 'யா', 'நை', 'தக்': ஆம், இல்லை, நன்றி. மூன்றே மூன்று.

"'பேசத்தான் கூச்சப்படுகிறார், சொல்வதெல்லாம் விளங்குகிறது, நல்ல மனிதர், வைத்திருங்கள்' என்று எமிலியா சொல்லிவிட்டாள். வாழ்த்துக்கள்."

வெட்டிய கோட்டின் மை இன்னும் காயவில்லை. முதலாளியின் கையில் பேனாவும் இருந்தது.

"தாங்க் யூ வெரி மச், சேர்" என்றார் தேவராசா, ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில்.