சாகாத ஐம்பது கன்றுகள்

“உண்மையைச் சொல்லுங்கக்கா, நீங்கதான தண்ணி ஊத்தினீங்க?”

கன்றுகளைப் பராமரிக்கும் வெள்ளையம்மா பதறிப்போனாள். “சாமி சத்தியமா இல்ல தங்கச்சி. பைப்புக்குப் பூட்டுப் போட்டு, சாவிய நீயேதான வச்சிருக்க?”

ஆராய்ச்சிக்காக வந்திருந்த யோகேஸ்வரி, பையில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். மலேசியாவின் செடெனாக் தோட்டத்து நர்சரியில், கூரைக்குக் கீழே மழையும் விழாது.

சிவப்பு ரிப்பன் கட்டிய ஐம்பது செம்பனை எண்ணெய் மரக் கன்றுகளுக்கு ஜெல் கலந்த மண். மற்ற ஐம்பதுக்கு வெறும் மண். மரவள்ளி மாவில் செய்த அந்த ஜெல் தண்ணீரைக் குடித்து உப்பும்; வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்; கடைசியில் மண்ணோடு மக்கிப்போகும். இரண்டு பக்கத்துக்கும் வாரம் ஒரே ஒருமுறை, அவளே அளந்து ஊற்றினாள். ஐந்து வாரத்தில் வெறும் மண் கன்றுகள் கருகியிருக்க வேண்டும். நூறும் பச்சைப்பசேல் என்று நின்றன.

“செடி நல்லா இருக்குன்னு கோவப்படற மொத ஆளு நீதான்லா,” என்று சிரித்தார் மேனேஜர் கனகசபை.

“சிரிக்காதீங்க சார். வித்தியாசம் தெரியலன்னா ஜெல்லையும் தூக்கிருவாங்க, என்னையும் தூக்கிருவாங்க.”

“சவ்வரிசிய மண்ணுல கொட்டிட்டு ஆராய்ச்சிங்கறீங்க. நம்ம மண்ணே நல்ல மண்ணும்மா. இதுக்கு ஒரு டிகிரி வேற.”

“எங்கப்பா இருபது வருசம் இந்த மண்ணுல செம்பனைக் குலை வெட்டினவரு. மண்ணப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க சார்.”

கனகசபையின் சிரிப்பு நின்றது. கைப்பேசியை எடுத்தார். ‘இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஜெல்லால் பயனில்லை’ என்று தட்டி, ஜொகூர் பாருவில் இருக்கும் தலைமையகத்துக்கு அனுப்பினார்.

“முடிஞ்சிருச்சு. சாயங்காலம் சாமான எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

அவர் கார் ‘கேட்’டைத் தாண்டியது. யோகேஸ்வரி கன்றுகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளையம்மா மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

“திட்டாத தங்கச்சி. நீ தண்ணியப் பத்தியே கேட்டியா, அதான் சொல்லல. மண்ணு கலக்கின அன்னிக்கு நீ மீட்டிங் போயிட்ட. உன் ஜெல்லு பாதி மூட்டை மிச்சம் கெடந்துச்சு. ஒரு பக்கத்துக்குப் போட்டுட்டு அடுத்த பக்கத்தப் பட்டினி போட மனசு வரல. ரிப்பன் கட்டாத அந்த அம்பதுக்கும் ரெண்டு ரெண்டு கரண்டி போட்டுட்டேன்.”