அதே பொடி

காசியம்மாள் வந்து நின்றபோது சிங்கராயர் வாசலில் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். மாதா கோயிலுக்குப் போகிற மனிதர் பிள்ளையாருக்கா போடுவார்? எல்லாம் சர்க்கரைக்காகத்தான். அறுபத்து நான்கு வயதில், மூச்சு வாங்காமல் ஐம்பதை எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

"வாம்மா காசி. கொளஞ்சியப்பன் எப்படி இருக்கான்?"

"கால்ல ரெண்டாவது வெரலும் கறுத்துடுச்சுண்ணா."

"பொடிய மட்டும் வுட்டுடாதீங்க. மூணு வருசமா நான் ஒரு மாத்திரையத் தொட்டதில்ல. எப்படி இருக்கேன் பாரு" என்று தொடையைத் தட்டிக் காட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோமுகி அணைப் பக்கம் நடையைக் கட்டினார். அந்த வேகத்தைப் பார்க்கப் பார்க்கக் காசியம்மாளுக்குப் பொறாமையும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சிங்கராயருக்குச் சர்க்கரை இறங்கிய கதை வடக்கனந்தலில் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதவர்களை அவர் விட்டுவைப்பதும் இல்லை. கல்வராயன் மலையில் ஒரு வைத்தியர் கொடுத்த பொடி, அரிசிச் சோற்றுக்குப் பதில் சாமைச் சோறு, காலையும் மாலையும் நடை. முந்நூற்றைம்பதில் இருந்தது நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவரேதான் காசியம்மாளின் கணவர் கொளஞ்சியப்பனைக் கையோடு பஸ் ஏற்றி, அந்த வைத்தியர் முன்னால் உட்கார வைத்தார். மலையிலிருந்து இறங்கி வந்த அன்றே, கரும்பு வெட்டும் கொளஞ்சியப்பன் ஆஸ்பத்திரி மாத்திரைகளை மொத்தமாக எருக்குழியில் கொட்டிவிட்டார்.

காசியம்மாள் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. வேளை தவறாமல் பொடி கலக்கிக் கொடுத்தாள். சாமை வடித்தாள். அவர் நடக்க முடிந்த நாள்வரை கூடவே நடந்தாள். அங்கே இறங்கிய சர்க்கரை இங்கே ஏறியது. கரும்புச் சோகை கிழித்த சின்னக் கீறல் ஆறாமல் சீழ் பிடித்தது. காலை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொளஞ்சியப்பன் கையெழுத்துப் போட மறுத்து, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

சமையலறையில் சிங்கராயரின் மனைவி உபகாரமேரி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். காசியம்மாளைக் கண்டதும் வாய் நிறைய "அக்கா" என்பவள், சில மாதங்களாக அவ்வளவாகப் பேசுவதில்லை. போன மாதம் பொடி தீர்ந்துபோய், "அண்ணன் டப்பாவுலேர்ந்து ரெண்டு கரண்டி குடு" என்று கேட்டதற்கும், "அது அவருக்குன்னு வெச்சதுக்கா" என்று கையை விரித்துவிட்டாள். காசியம்மாளுக்கு அன்றைக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இன்றைக்கு ரோஷம் பார்க்க நேரமில்லை.

"மேரி, மறைக்காம சொல்லு. அண்ணன் வேற இன்னா பண்றாரு?"

"வேற ஒன்னும் இல்லக்கா. உங்களுக்குச் சொன்னதுதான்."

"அதத்தான நானும் பண்றேன்? அப்புறம் ஏன் எங்க வூட்ல மட்டும் இப்படி?"

மேரி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தப்பு என் மேலதான்" என்றாள் காசியம்மாள். "தீவாளிக்கு ஒரே ஒரு அதிரசம் கேட்டாரு. ஆச ஆசயா கேட்டாரேன்னு பாதியப் பிச்சுக் குடுத்தேன். பத்தியம் கெட்டா மருந்து முறிஞ்சிடும்னு வைத்தியரு சொல்லித்தான் அனுப்புனாரு. அந்தப் பாதி அதிரசந்தான் அவரு காலத் தின்னுடுச்சா மேரி?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா."

"அப்ப இன்னா? டாக்டரு ரெண்டு நாள்தான் கெடு குடுத்திருக்காரு. இவரு இன்னான்னா, சிங்கராயருக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா, இன்னும் பத்து நாள் பொடியக் குடுன்னு படுத்துக்கினு இருக்காரு. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சுக்கினு நான் எங்க போவேன்?"

சொல்லிக்கொண்டே காசியம்மாள் தரையில் சரிந்து, மேரியின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். "எதுனா ஒன்னு விட்டுப்போயிருக்கு. எதுன்னு மட்டும் சொல்லிடு. நான் செஞ்சு என் புருசனக் காப்பாத்திக்கிறேன்."

மேரி எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தாள். சிங்கராயர் ஏரிக்கரை திரும்பிக் கண்ணுக்கு மறைந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, காசியம்மாளுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எங்கூட்டுக்காரரு மாத்திரைன்னா வாயத் தொறக்க மாட்டாருக்கா. அவங்க அண்ணன் மாத்திரை தின்னுதான் செத்தாருன்னு ஒரே புடிவாதம். எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன்."

"தெரியும். அதான பொடிக்கு மாறுனாரு?"

மேரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு, காசியம்மாளின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"மூணு வருசமா மாத்திரைய இடிச்சு அந்தப் பொடியிலதான்க்கா கலந்துக்கினு வரேன்."