நல்லா இருக்கேன்

“எப்போ கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்’னு பதில் வரணும். அதுக்கு மேல அந்தக் கார்டு வாயைத் திறக்கக் கூடாது” என்றார் மேலதிகாரி ஒப்துலியோ.

ரொசால்பாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“நான் எழுதியிருக்கிறது ‘இப்போ எந்தப் பாதையில போறே’ங்கிற கேள்வி, இன்ஜினியர். பஸ் எங்க வந்துட்டிருக்குன்னு கேட்டா, கண்டக்டர் ‘நான் சௌக்கியம்’னு சொல்ற மாதிரி இருக்கு உங்க பதில்.”

குவாதலஹாரா நகரத்தில் நெட்வொர்க் கார்டு செய்கிற கம்பெனி அது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் இரண்டு பாதைகள். தகவல் வழக்கமாக வேகப் பாதையில் பறக்கும். கூடுதலாக ஏதாவது ஒரு வசதியை இயக்கிவிட்டால், சத்தமே போடாமல் மெதுப் பாதைக்கு இறங்கிவிடும். வாங்கினவனுக்கு இறங்கியதே தெரியாது. கேட்டால் உள்ளதைச் சொல்லும்படி ரொசால்பா ஒரு வழி செய்திருந்தாள். எந்தப் பாதை, ஏன் அந்தப் பாதை. அவ்வளவுதான்.

“கண்காட்சி வருது. ‘மெதுவாத்தான் போறேன்’னு கார்டே ஒத்துக்கிட்டா எவன் வாங்குவான்? மேலிடத்து உத்தரவும்மா.”

“எங்க அண்ணன் எவாரிஸ்தோ இப்படி ஒரு ஊமைக் கார்டை நம்பித்தான், வேகம் ஏன் குறைஞ்சுதுன்னு தெரியாம ஆபீஸ் முழுக்கக் கேபிள் கேபிளாப் பிடுங்கிப் பாத்தான். கடைசில ‘உனக்கு வேலை தெரியல’ன்னு அவனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பொய் சொல்ற டிரைவரை என் கையால எழுத மாட்டேன். ஆனதைப் பாத்துக்குங்க!”

“நீ எழுத வேணாம். நானே எழுதி அனுப்பிக்கறேன்.”

அன்றைக்கே அனுப்பியும் விட்டார், பொது மெயில் குழுவுக்கு. இந்தத் தொழிலில் டிரைவரில் ஒரு வரி மாற்றினாலும் அங்கே போட்டாக வேண்டும். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்துக் குறை சொல்லலாம். சொன்ன குறைக்குப் பதில் சொல்லாமல் டிரைவரில் எதுவும் சேராது.

ரொசால்பா ராஜினாமாவை அடித்து எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தாள். காரக் குழம்பில் முக்கின தோர்த்தா ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தவர், காகிதத்தை முழங்கையால் ஓரமாகத் தள்ளினார்.

“கையெழுத்துப் போடுங்க.”

“கையெல்லாம் குழம்பா இருக்கு. நாளைக்குப் பாக்கலாம்.”

மனுஷனுக்குத் தின்கிற சோறு எப்படித்தான் இறங்குகிறதோ என்று கறுவிக்கொண்டே வெளியே வந்தாள்.

மறுநாள் காலை குழுவே அமளிதுமளிப்பட்டது. ‘ஆந்தை’ என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் ஒப்துலியோவின் வேலையை நார்நாராகக் கிழித்திருந்தார்.

‘எந்தப் பாதை என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்கிறது. இதை எழுதியவருக்கு வெட்கமாக இல்லையா? உங்கள் புதுக் கார்டில் ஒரே ஒரு வசதியை இயக்கி ஓட்டிப் பார்த்தேன். வேகம் பாதியாக விழுந்தது. அப்போதும் நல்லாத்தான் இருக்கிறதாம்! பாதையின் பெயரையும் காரணத்தையும் சொல்லாதவரை இதை விடமாட்டேன்.’

மதியத்துக்குள் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கண்காட்சிக்கு முன்னால் மானம் போகிறதே என்று மேலிடம் ஆடிப்போய்விட்டது.

ஒப்துலியோ உம்மென்ற முகத்தோடு அவள் இடத்துக்கு வந்தார்.

“நீ எழுதினதையே அனுப்பு. மேலிடத்துல சரின்னுட்டாங்க.”

ரொசால்பா விடவில்லை.

“முகம் தெரியாத ஒரு ஆந்தைக்கு இருக்கிற முதுகெலும்பு, கூடவே உக்காந்திருக்கிற உங்களுக்கு இல்லையே, இன்ஜினியர்!”

“இல்லதான்” என்றார். கையெழுத்துப் போடாத ராஜினாமாக் காகிதத்தை அவள் மேஜையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அவள் தன்னுடையதை அனுப்பினாள். ஜெயித்த சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஆந்தைக்கு நாலு வரி நன்றி சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. தட்ட ஆரம்பித்தாள்.

‘எங்கள் புதுக் கார்டை வாங்கி, ஓட்டிப் பார்த்து...’

‘வாங்கி’ என்ற இடத்தில் விரல் நின்றது.

எங்கே வாங்கியிருப்பார்? புதுக் கார்டு இன்னும் கடைக்கே போகவில்லையே! மொத்தம் இரண்டே மாதிரிகள். ஒன்று இதோ அவள் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றது ஒப்துலியோவின் அறையில், பூட்டிய பெட்டியில். ‘வெளியே கொண்டுபோனால் வேலை போகும்’ என்று பெட்டி மேலேயே சிவப்பில் ஒட்டியிருக்கிறார்கள். பதற்றத்தில் மேலிடம் இதை யோசிக்கவில்லை. கோபத்தில் அவளும் யோசிக்கவில்லை.

எழுந்து அவர் அறைக்குப் போனாள். பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“இன்ஜினியர்... இதுல இருந்த கார்டு எங்க?”

“வீட்ல” என்றார் ஒப்துலியோ, தலை நிமிராமல். “காலைல மத்தவங்க வர்றதுக்கு முன்னால பெட்டில இருக்கும். கதவைச் சாத்திட்டுப் போம்மா.”