தெளிந்த வட்டம்

இன்ஷிராஹ் டாக்டர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டு. அதில் நோய்க்கிருமி மஞ்சள் படலமாகப் படர்ந்திருந்தது. நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல ஒரு கடல் பாக்டீரியா. அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம், கழுவித் துடைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

அந்த வட்டத்துக்குள் கிருமியால் வாழ முடியவில்லை.

ஏற்கெனவே அவர் செய்து பார்த்தபோதும் இதே வட்டம்தான் வந்தது. ஆனாலும் அவர் நம்பவில்லை. மறுபடி செய்யும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

“நீ பண்ணு விதாத். என் கை ஆசைப்படுது. ஆசைப்படுற கையை நம்பக் கூடாது.”

என் கைக்கும் அதே வட்டம்தான் வந்தது.

அந்தப் பொட்டு எங்கள் குஸைர் ஊர்க் கடலின் அடியிலிருந்து வந்தது. பவளப்பாறை முடிந்து இருட்டு தொடங்கும் இடத்துச் சேறு. குழாய்த் தண்ணீரில் செய்த உணவை அது சீண்டவே இல்லை. கடல் தண்ணீர் கலந்து கொடுத்தும் வாரக்கணக்கில் சும்மா கிடந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். டாக்டர் விடவில்லை. கடைசியில் முளைத்தது. மூடியைத் திறந்தால் நனைந்த மண் வாசனை. எங்கள் ஊர் மழையைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

அதற்கு முன்னால் எத்தனையோ சேறுகள் பார்த்துவிட்டோம். மற்ற கிருமிகளை ஏதாவது ஒன்று கொன்றுவிடும். இந்த மஞ்சள்காரன் மட்டும் எதற்கும் மசியவில்லை. ஆஸ்பத்திரிகளில் இருக்கும் எந்த மருந்துக்கும் அவன் மசிந்ததில்லை.

சேறு எடுக்க எங்களைக் கூட்டிப் போவது ரயீஸ் மஹ்ரூஸ். படகுத் தலைவரை எங்கள் ஊரில் ரயீஸ் என்போம். படகு அவருடையது. ஓட்டுவதும் அவர்தான். வாய் மட்டும் ஓயாது.

“ஊரே மீன் பிடிக்கப் போகுது, நான் சேறு பிடிக்கப் போறேன். கரைக்கு வந்தா பூனைகூட என்னைப் பார்த்து எழுந்திரிக்கிறதில்ல டாக்டரம்மா!”

“நீங்க மீன் பிடிக்கப் போனாலும் இதே கதிதான்னு அதுக்குத் தெரியும் ரயீஸ்.”

போன கோடையில் ஆய்வகத்தின் குளிர்பெட்டி படுத்துவிட்டது. கடல் பாக்டீரியாக் குழாய்களை அள்ளப் போனேன். டாக்டர் என்னை ஒதுக்கிவிட்டு மஞ்சள்காரன் இருந்த குழாய்களை முதலில் எடுத்தார்.

“கடல் அங்கேயேதான் இருக்கும். திரும்பப் போய் எடுத்துக்கலாம். இவன் போனா திரும்பக் கிடைக்க மாட்டான்.”

ரயீஸ் படகிலிருந்து ஒரு பெட்டி நிறைய மீன் ஐஸை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அதில் வைப்பது எந்தக் கிருமியின் குழாய்கள் என்று சொன்னோம். பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். குளிர்பெட்டி சரியாகும்வரை அவர் அதை வேறு யாரிடமும் தரவில்லை. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. கிருமி என்றதும் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது டாக்டர் போனை எடுத்தார். ஆய்வக இயக்குநரிடம்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ரயீஸைக் கூப்பிட்டார்.

ரயீஸ் டீசல் வாடையோடு வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

“நடுவுல இருக்கிறது நம்ம சேத்துல இருந்து வந்தது,” என்றார் டாக்டர். “சுத்தி மஞ்சளா இருக்கிறது அவன்.”

“ரெண்டுக்கும் நடுவுல ஏதோ வெறும் இடமா இருக்கே?”

“அங்க அவனால வர முடியல.”

ரயீஸ் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“மருந்துன்னு ஆக இன்னும் பத்து வருஷம் ஆகலாம் ரயீஸ். ஆகாமலும் போகலாம். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

“நீங்க அன்னைக்கும் சொல்லலியே.”

“என்னைக்கு?” என்று நான் குறுக்கே கேட்டேன்.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயீஸ்தான் பதில் சொன்னார்.

“அப்ப இவங்க ஆஸ்பத்திரி லேப்ல இருந்தாங்க. என் பொண்ணு ரத்தத்துல இருந்து எடுத்த இவன் மேல இருக்கிற மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்துட்டு வெளிய வந்தாங்க. நான் வராந்தாவுல தரையில உட்கார்ந்திருந்தேன். இவங்களும் பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க. ‘எதுக்கும் சாக மாட்டேங்கிறான் ரயீஸ்’னாங்க. துக்கம் கேட்க வந்தவங்க எல்லாம் போன பிறகு ஒருநாள் என் வீட்டு வாசல்ல நின்னாங்க. ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டேன், கடலுக்குப் போகணும், படகு வேணும்னு கேட்டாங்க.”

டாக்டர் மூடி போட்ட தட்டை அவர் கையில் வைத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“இடம் ரொம்பச் சின்னதுதான்,” என்றார் டாக்டர்.

ரயீஸ் அந்த வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். விரல் அதற்குள் அடங்கியது.

“போதும் டாக்டரம்மா,” என்றார். “ஷுரூக்கும் சின்னப் பொண்ணுதானே.”