ஆறடி ஏழங்குலம்

ஆறடி ஏழங்குலம் இருந்த ஜெரால்டு, "அந்தத் தடியனுக்கு நெஞ்சுல தெம்பே இல்ல" என்று அவன் ஆடும் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் டிவியில் சொன்ன மறுநாள் ஓர் அங்குலம் குறைந்திருந்தான். ஊரே அதைப் பிடித்துக்கொண்டு பேசப் பேச இன்னும் குறைந்தான். மாதக் கடைசியில் பனியன் முழங்காலைத் தொட்டது. இவனைத் தள்ளிவிட்டு வேறொரு ஆட்டக்காரனை வாங்கிக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் இன்னோர் அணியின் மேலாளரை அழைத்துவந்தார். அவர் டேப் வைத்து அளந்தார். "இதுக்கு ரெண்டு பந்து வேணா தரலாம்." பயிற்சியாளருக்கு வியர்த்துவிட்டது. "என்ன சார் இப்படிச் சொல்றீங்க. இவன மாதிரி ஆட ஆளே கிடையாது." அவரிடம் ஆடிய நான்கு வருஷமும் அந்தச் சொல்லுக்குக் காத்திருந்த ஜெரால்டு ஓடிப்போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். "இப்ப அளந்து பாருங்க சார்."