கட்டைவிரல் மரம்

"ஏண்டி, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க! நம்ம வீட்டு நோயை வாசல்ல தோரணம் கட்டித் தொங்க விடணுமா?"

"பெரியம்மாவும் சித்தியும் மார்புப் புற்றுநோய்லதானம்மா போனாங்க? ஆராய்ச்சிக்குத்தானே பணம் திரட்டுறேன்!"

ரேணுகாதேவியும் மகள் நித்திலாவும் போட்ட சத்தம், இரண்டாம் மாடி அம்சவேணிக்குக் காதில் தேன். குழம்பை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

அடுக்ககத்தின் வாசலில் நித்திலா வைத்த ஒரு தொடுதிரை. நன்கொடை தருபவர் கட்டைவிரலை வைத்தால் அவர் வம்சமே மரமாக விரியும். அந்த நோய் வந்தவர்களின் இலை சிவக்கும். அடுத்தவர் மரத்தைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். அம்சவேணிக்கு வேறு வேலையே ஓடவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா திலகவதி திரையில் நித்திலா வீட்டு மரத்தின் சிவந்த இலைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். சம்பந்தம் முறிவதைப் பார்க்க அம்சவேணி தூணோரம் இடம் பிடித்தாள். திலகவதியோ தன் விரலை வைத்தாள். இரண்டு இலைகள் சிவந்தன.

"யாரும்மா இது?" என்றான் மகன்.

"என் அக்காங்கடா. மஞ்சக் காமாலைன்னு சொல்லி வச்சிருந்தோம்."

ரேணுகாதேவி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

ஐப்பசியில் கல்யாணம் முடிந்து நித்திலா சேலத்துக்குப் போய்விட்டாள். திரை இங்கேயே இருக்கிறது. அம்சவேணியும் தினம் அங்கேதான் நிற்கிறாள். அவள் அம்மா எதனால் செத்தாள் என்று வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"நீங்க விரல் வைக்கலியாக்கா?" என்று கேட்டால், கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்கிறாள்.

"மாவுக் கையி" என்கிறாள்.