அக்கா நகர்த்திய தாள்

அக்கா காப்பியடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவன் தன் கண்ணையே நம்பவில்லை. தேர்வில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அவளுடைய இடது கைக்குக் கீழே ஒரு தாள். எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் சூத்திரங்கள், நடுநடுவே வளைந்த கட்டட உத்தரங்களின் குட்டிப் படங்கள்.

இருவரும் ஒரே பொறியியல் கல்லூரியிலிருந்து, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிக்க இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அவள் ஒரு வயது மூத்தவள். கூடப் பிறக்காத அக்கா. விடுதிச் சலவை இயந்திரத்தோடு அவனுக்கு முதல் சமாதானம் செய்து வைத்ததும், போன வாரம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தவனுக்கு மாத்திரையும் சூப்பும் கொண்டுவந்து கதவைத் தட்டியதும் அவள்தான்.

அவளா இப்படி?

அவனுக்குக் காது மடல் சுட்டது. செய்கிறவள் நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்க, வெட்கம் என்னவோ அவனைப் பிடுங்கித் தின்றது.

சற்று முன் தேர்வு அறை வாசலில்கூட எப்போதும்போலத்தானே இருந்தாள்!

"டேய் தூங்குமூஞ்சி! ராத்திரி பூரா ஃபோன் பண்றேன், எடுக்கவே மாட்டியா?"

"படிக்கணும்னு ஆஃப் பண்ணி வச்சிட்டேன்க்கா."

"பெரிய படிப்பாளி! சரி, நான் சொல்றதைக் கேளு..."

"பேச்சு போதும், உட்காருங்க" என்றபடி பேராசிரியை கேள்வித்தாள்களோடு நுழைந்துவிட்டார்.

அந்தப் பேராசிரியை இப்போது ஜன்னலோரம் நின்று மரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊராயிருந்தால் பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் பின்கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார். நம்பி விட்டவரை இப்படி ஏமாற்றலாமா?

அவன் பார்ப்பதை அக்கா கவனித்தாள். பதறவில்லை, மறைக்கவில்லை, சிரித்தாள். மேஜைமேல் ஒரு தாள் மெல்ல அவன் பக்கம் நகர்ந்து வந்தது.

பாம்பைத் தொட்டவன்போல அவன் அதைத் தள்ளிவிட்டான். அது திரும்பவும் வந்தது. 'வச்சுக்கோடா' என்று அவள் புருவம் சொன்னது. அவன் இன்னும் வேகமாகத் தள்ளினான்.

மாட்டினால் இருவரையும் விமானம் ஏற்றிவிடுவார்கள். அடுத்த வருடம் வரவேண்டிய பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்படும். "முதல் மார்க் வாங்கணும்னு இல்லப்பா, தலை குனியாம திரும்பி வா" என்று அம்மா திருநீறு பூசி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

கடவுளே என்று எழுந்தான். ஜன்னல்வரை போனான்.

"மேடம்... ஒருத்தங்க பார்த்து எழுதறாங்க."

"யாரு?"

பெயர் சொல்ல வாய் வரவில்லை. கையைக் காட்டினான். நீண்ட விரல் தன்னுடையது போலவே இல்லை.

பேராசிரியை நேராக அக்காவிடம் போனார். "எழுந்திரும்மா. கைக்குக் கீழ என்ன?"

அறையில் எல்லாப் பேனாக்களும் நின்றன. அக்கா எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது. பேராசிரியை அவள் மேஜையிலிருந்து எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"ஆளுக்கு ஒரு தாள்ல சூத்திரம் எழுதி எடுத்துட்டு வரலாம்னு போன வாரம் வகுப்புல நான்தானேப்பா சொன்னேன்? அதுல தப்பே இல்லையே."

அவனுக்குத் தரை நழுவியது. அப்போதுதான் மற்ற மேஜைகளைப் பார்த்தான். எல்லோரிடமும் ஒரு தாள் இருந்தது. வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தான்!

"ஆனா..." பேராசிரியையின் குரல் கடுமையானது. "உன்கிட்ட ரெண்டு தாள் இருக்கு. ரெண்டுலயும் அச்சு அசலா ஒரே விஷயம். எதுக்கும்மா ரெண்டு?"

அக்கா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளி கோபம் இருந்திருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

"ஒண்ணு என் தம்பிக்கு மேடம். அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல், நான்தான் சொல்ல மறந்துட்டேன்."